சின்ன ஊரில் நான்கு பேர் சேர்ந்து விலங்குகளுக்காகப் போராடினால் ஏதாவது நடக்குமா?

உங்கள் ஊரில் தெருநாய்களை விஷம் வைத்துக் கொல்கிறார்கள், தடுக்க நினைக்கும் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், நான்கைந்து பேர் கூடிப் போராடினால் பயன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். "மனிதனுக்கே நாதியில்லை, நாய்க்கு என்ன வந்தது?" என்று வீட்டில் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். எனக்கு நாற்பத்தொன்று. என்னையும் கேட்டார்கள், இன்றும் கேட்கிறார்கள்.

பயன் உண்டு. நாங்கள் முதல் நாள் மூன்று பேர்தான்.

ராமநாதபுரம் மாவட்டத்தில், மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் தென்கடல் ஓரத்தில் எங்கள் ஊர். மன்னார் வளைகுடாவைத்தான் நாங்கள் தென்கடல் என்போம். பாக் விரிகுடா வடகடல். எனக்குத் தையல் கடை. அப்பா, சித்தப்பா இருவரும் நாட்டுப்படகுக்காரர்கள். ஊரின் கிழக்கு முனையில் பெரிய கருவாட்டுக் களம் இருக்கிறது. விசைப்படகு வலையில் வரும் சங்காயம் அங்கேதான் காயும். சங்காயம் என்றால் சமையலுக்கு ஆகாத பொடி மீன், கோழித் தீவனத்துக்குப் போவது. ஊர் நாய்கள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் களத்தை நம்பித்தான்.

நாங்கள் போராடிய ஆண்டு மே முதல் வாரத்தில் ஆட்டுக்கார மதினியின் பட்டியில் புகுந்து மூன்று ஆடுகளை நாய்கள் குதறிப் போட்டன. அதற்கு நான்காம் நாள், டியூஷனுக்குப் போன ஏழு வயதுப் பையனுக்குக் கெண்டைக்காலில் கடி. அன்று இரவே ஊர்க் கூட்டம் கூடி, ஒரு நாய்கூட மிஞ்சக் கூடாது என்று முடிவெடுத்தது. சித்தப்பாவும் கை தூக்கினார். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

மூன்றாம் நாள் விடியற்காலையில் கரைக்குப் போனேன். ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழலில் சுக்கான் கிடந்தான். சித்தப்பாவின் நாய். வள்ளத்தில் சுக்கானை ஒட்டி உட்கார்ந்தபடி கடலுக்கு வருவதால் அந்தப் பெயர். கால்கள் விறைத்து இழுத்துக்கொண்டிருந்தன. இழுத்த இழுப்பில் மணலில் அரைவட்டமாகக் கோடு விழுந்திருந்தது. வாயோர நுரையில் மணல் ஒட்டியிருந்தது. கோழிக்குடலில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஒரு துணுக்கு கடைவாய்ப் பல்லில் சிக்கி இருந்தது. புளித்தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், உள்ளே இறங்கவில்லை. நான் கையில் தலையைத் தாங்கியிருந்தபோதே மூச்சு நின்றது. சித்தப்பா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. துடுப்பை எடுத்துக் குழி தோண்டினார்.

அன்று காலை பத்து மணிக்கு ஏலக்கூடத்துப் பூவரசு மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். கூட உட்கார்ந்தவர்கள் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், கல்லூரியில் படிக்கும் அவர் பேத்தி. 'நாய்களைக் கொல்லாதே' என்று அட்டையில் எழுதி வைத்திருந்தோம். கரையில் போனவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். ஒரு பெரியவர் சிரிக்காமல் நின்று சொன்னதுதான் நெஞ்சில் தைத்தது: "இன்றைக்கு நாய்க்காக உட்கார்ந்திருக்கிறாய். நாளைக்கு மீனுக்காகவும் உட்காருவாய். அப்புறம் நாங்கள் என்ன தின்பது, அம்மா?"

இதை அறியாமை என்று ஒதுக்க வேண்டாம். இந்தக் கரையில் 'விலங்கு', 'பாதுகாப்பு' என்ற சொற்களைக் கேட்டாலே வயிறு கலங்கும் குடும்பங்கள் உண்டு. 2001இல் கடல் அட்டை என்ற கடலடி உயிரினத்தைப் பிடிக்கத் தடைவிதித்தார்கள். அதைப் பிடித்தும் அவித்துக் காயவைத்தும் பிழைத்தவர்கள் ஒரே நாளில் குற்றவாளிகள் ஆனார்கள். 1986இல் இங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆயின. என் அம்மா கடற்பாசி எடுத்தவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூச்சடக்கி முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் பறித்து இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு மேலே வருவார். காலங்காலமாக அவர்கள் போய்வந்த தீவில் கால் வைத்தால் குற்றம் என்றார்கள். பாசியையும் பையையும் பறித்துக்கொண்டு ஈரச் சேலையோடு அம்மாவைக் கரையில் நிற்க வைத்திருந்த ஒரு மதியம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எனக்கு அப்போது எட்டு வயது. இழுவைமடி வலை போட்டு அடிமண் வரை வாரிக்கொண்டு போகிறவன் பெரிய ஆள். அவனை விட்டுவிட்டு, கையால் பறிக்கிறவளைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? பாசி எடுப்பவளும் மீனவர்தான் என்று கணக்கில் எழுதவே எத்தனை நடை நடக்க வைத்தார்கள்! நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் கடற்கரையில் விலங்குகளைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு முதலில் அம்மாவின் அந்த ஈரச் சேலைதான் கண்ணில் வருகிறது.

எங்கள் போராட்டத்தைக் கிட்டத்தட்டக் கெடுத்தது ஊர்க்காரர்கள் அல்லர். நான்காம் நாள் நகரத்திலிருந்து இருவர் வந்தார்கள். நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கேமராவில் படம் பிடித்துக்கொண்டு போய், 'கொலைகார மீனவ கிராமம்' என்று தலைப்பிட்டு வெளியிட்டார்கள். மறுநாள் என் கடைக்குத் தைக்கக் கொடுத்திருந்த துணிகளை ஏழு வீட்டார் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். தபால்காரர் மாமா அந்த இருவரிடமும் போனில் கெஞ்சி அதை எடுக்க வைத்தார். உங்களிடம் அப்படி யாராவது வந்தால் சாப்பாடு போட்டு அனுப்பிவிடுங்கள். முகம் காட்டி வீடியோ மட்டும் வேண்டாம்.

திருப்பம் வந்தது மாமாவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து. நாற்பது ஆண்டு தபால் கொடுத்த மனிதர், எந்த வீட்டுக்குள்ளும் போய் உட்காரும் உரிமை உள்ளவர். கடிபட்ட வீடுகளுக்கெல்லாம் போய் எந்த மாதம், எந்த இடம் என்று கேட்டு எழுதினார். பாதிக்கு மேல் மே, ஜூன் மாதங்களில்தான். ஏன் என்று பார்த்தால் விடை எங்கள் கண்ணெதிரிலேயே கிடந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் போகாது. நாட்டுப்படகுகள் போகும், ஆனால் அவற்றில் சங்காயம் வராது. களம் வெறுங்களமாகிவிடும். பத்து மாதம் தின்று கொழுத்துக் குட்டி போட்டுப் பெருகிய நாய்கள் அந்த இரண்டு மாதமும் பட்டினியோடு தெருவுக்குள் வருகின்றன, ஆட்டுப்பட்டிக்குள் நுழைகின்றன. இந்த ஆண்டு எல்லாவற்றையும் கொன்றாலும், ஜூன் முடிந்து களத்தில் மறுபடி சங்காயம் காய்ந்ததும் பக்கத்து ஊர் நாய்கள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டிருக்க மாட்டார்கள்.

அன்று இரவே அட்டையை மாற்றி எழுதினோம்: 'களத்துக்கு வேலி போடு. நாய்க்கு ஊசி போடு. ஆட்டுக்கு நஷ்டஈடு கொடு.'

மறுநாள் காலை ஆட்டுக்கார மதினி வந்து, மூன்றாவது வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது என் ஆட்டுக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முந்தானையை உதறி மணலில் விரித்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஆடு பறிகொடுத்தவளே அங்கே உட்கார்ந்த பிறகு யார் சிரிப்பது? அந்த வாரக் கடைசியில் பதினாறு பேர் ஆனோம். சித்தப்பா உட்காரவில்லை. வெயில் ஏறுகிறது என்று பழைய பாய்மரத் துணியைக் கொண்டுவந்து மரத்தில் கட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தோம். மனுவை எழுதியது பேத்தி. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை முதலில் எழுத வேண்டாம் என்றாள், அவள் சொன்னது சரி. அதன்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அதே ஐம்பது ரூபாய். விலங்கை விஷம் வைத்துக் கொல்வது தண்டனைச் சட்டத்திலும் குற்றம் என்பதை முதல் வரியாகப் போட்டாள். 2024 ஜூலை முதல் அது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு, ஐந்து ஆண்டு வரை சிறை. நீங்கள் எழுதும்போது அதைப் போடுங்கள். நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு என்பது மத்திய அரசின் 2001 நாய்க் கருத்தடை விதிகளிலேயே இருந்தது. 2023இல் அவற்றைப் புதிதாக எழுதினார்கள். உச்ச நீதிமன்றம் 2025இல் சில மாற்றங்கள் சொல்லியிருக்கிறது, பள்ளி, மருத்துவமனை வளாகங்களில் பிடித்த நாயை அங்கேயே விடக் கூடாது என்பது போல. அதையும் படித்துவிட்டு எழுதுங்கள். மனுக் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் முதல் மனுவே வரவில்லை என்று சாதித்தார்கள்.

'இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் சொல்லிக்கொடுத்தது' என்று சொல்ல வருகிறவர்களுக்கு: அந்த 1960 சட்டத்துக்கு வித்திட்டவர் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1950களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து பேசியவர் அவர். ஜல்லிக்கட்டை வைத்து என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். எங்கள் போராட்டத்தில் அந்தப் பேச்சே எழவில்லை, மாடு பிடிக்கும் இளைஞர்கள்தான் எங்களுக்கு நாய் பிடித்துக் கொடுத்தார்கள்.

அதைச் சொல்கிறேன். ஜூன் மாதம் கால்நடை மருத்துவர் தடுப்பூசியோடு வந்தார். நாய்கள் கையில் சிக்கவில்லை. கம்பிச் சுருக்கு வேண்டாம் என்று நாங்கள் ஒற்றைக்காலில் நின்றோம். பையன்கள் இருவர் வீச்சு வலை எடுத்து வந்தார்கள். மடவை மீனுக்கு வீசுகிற அதே வீச்சு. வட்டமாக விரிந்து நாயின் மேல் விழும், குண்டுகள் சுற்றிலும் மணலில் பதியும், நாய் ஒரு நொடி திகைத்து நிற்கும். அதற்குள் வலைக் கண்ணிக்குள் ஊசியை விட்டு மருத்துவர் மருந்தைச் செலுத்திவிடுவார். வலையைத் தூக்குமுன் வள்ளத்துக்கு அடிக்கும் பச்சைப் பெயிண்டை முதுகில் ஒரு கோடு தடவுவது என் வேலை. ஊசி போட்டது எது, போடாதது எது என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பத்து நாய்களில் ஏழுக்கு ஊசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவுவது நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாளில் அதைத் தாண்டினோம். கருத்தடைக்குத்தான் அலைச்சல். அந்த வசதி தொலைவில் இருந்தது, வேன் பேசி ஒன்பது பெட்டைகளைக் கொண்டுபோய் வந்தோம். அந்தப் பணத்தில் பாதி டீக்கடை பாய் கொடுத்தது. களத்தைச் சுற்றிப் பழைய வலையில் வேலி போட்டாயிற்று. ஆட்டுக்கு நஷ்டஈடு மட்டும் இன்றுவரை வரவில்லை. ஊர்ப் பணத்திலிருந்து மதினிக்கு இரண்டு குட்டிகள் வாங்கிக் கொடுத்தார்கள்.

கடிபட்ட பையனை நான் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெறிநோயின் அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழியில்லை என்று எனக்குத் தெரியும். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், அன்றே முதல் ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். அவனுக்கு நான்கும் போட்டாயிற்று, நன்றாக இருக்கிறான். தனுஷ்கோடிப் பக்கம் நாய்கள் ஆமை முட்டைகளைத் தோண்டித் தின்பதும் உண்மை. முட்டைகளை வனத்துறையினர் எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அங்கே நாய்கள் திரியக் கூடாது என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். நாய்க்காக நின்றவள் ஆமைக்கு எதிரி ஆகிவிட மாட்டாள்.

அந்தப் பையனின் அம்மா மட்டும் என்னோடு பேசுவதில்லை. அன்று தன் பிள்ளையின் காலில் ரத்தத்தைப் பார்த்தவள் அவள். மரத்தடியில் நான் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அவள் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருப்பேன் என்று எனக்குப் புரிகிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருத்தி இருப்பாள். அட்டை எழுதுவதற்கு முன் அவள் வீட்டுக்குப் போய் வாருங்கள். நான் போகவில்லை. பிறகு இரண்டு முறை போனேன், கதவு திறக்கவில்லை.

இந்த ஆண்டும் ஏப்ரல் 15க்கு முன்னால் ஊசி போட்டு முடிக்க வேண்டும். போன ஆண்டின் பச்சைக் கோடு இன்னும் சில நாய்களின் முதுகில் மங்கலாகத் தெரிகிறது. குழப்பம் வரக் கூடாது என்று இம்முறை நீலப் பெயிண்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.