பயிற்சிப் பணம் யார் பொறுப்பில்? – வாசகர் கேள்வி பதில்

வேலைப் பயிற்சிக்கு அரசு ஒதுக்கும் பணத்தை உள்ளூர்த் தொழில் நிறுவனத் தலைவர்கள் அடங்கிய கவுன்சில்களிடம் ஒப்படைத்த பிரிட்டனின் அனுபவம் குறித்து வாசகர்கள் கேட்ட கேள்விகளில் நான்கு இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: பிரிட்டனில் 1990-களில் இயங்கிய ‘பயிற்சி, தொழில்முனைவுக் கவுன்சில்கள்’ எந்தச் சூழலில் தோன்றின? அரசு தன் பொறுப்பில் நடத்திவந்த பயிற்சியை ஏன் தொழில்துறையினரிடம் கொடுத்தது?

பதில்: அதற்கு முன்பு இந்தப் பணியைக் கவனித்துவந்தது மனிதவளப் பணிகள் ஆணையம். 1970-களில் உருவான அந்த ஆணையத்தில் வேலை தருவோரும் தொழிற்சங்கத்தினரும் சம மதிப்புடன் அமர்ந்திருந்தனர். பள்ளி முடித்த இளைஞர்களுக்காக 1983-இல் தொடங்கிய பெரிய பயிற்சித் திட்டத்தையும் அதுவே நடத்தியது. வேலையற்ற பெரியவர்களுக்கான புதிய திட்டம் ஒன்று 1988 செப்டம்பரில் வந்தபோது, அதில் பயிற்சி பெறுவோருக்கு முறையான ஊதியம் இல்லை என்று கூறித் தொழிற்சங்கங்களின் காங்கிரஸ் என்ற தேசியக் கூட்டமைப்பு ஒத்துழைக்க மறுத்தது. அதையடுத்து அரசு அந்த ஆணையத்தையே கலைத்துவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் வேலைவாய்ப்பு அமைச்சர் நார்மன் ஃபௌலர் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில்தான் புதிய கவுன்சில்கள் அறிவிக்கப்பட்டன.

முன்மாதிரி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கு 1982-இல் இயற்றப்பட்ட வேலைப் பயிற்சிச் சட்டம், வணிகத் துறையினர் பெரும்பான்மையாக இருக்கும் தனியார் தொழில் கவுன்சில்களுக்கு உள்ளூர்ப் பயிற்சியில் பெரும் பங்கு அளித்தது. பாஸ்டன் நகரக் கவுன்சில் பிரிட்டன் அமைச்சர்களை மிகவும் கவர்ந்தது. அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த கே ஸ்டிராட்டன் ஃபௌலருக்கு ஆலோசகராகவும் வந்தார். ஆனால் பாஸ்டனின் சிறப்பு கவுன்சிலின் அமைப்பில் மட்டும் இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அரசுப் பள்ளிகள் வருகையையும் தேர்ச்சியையும் உயர்த்தினால், அப்பள்ளி மாணவர்களுக்கு வேலை தருவதாக நகரத்தின் நிறுவனங்கள் 1982-இல் எழுத்துப்பூர்வமாக உறுதி அளித்திருந்தன. நிறுவனங்கள் அங்கே ஆலோசனை சொன்னதோடு நிற்காமல் தாங்களும் ஒரு கடமையை ஏற்றிருந்தன. கடல் கடந்து வந்தபோது அமைப்பு வந்தது. அந்தக் கடமை அதே வலிமையுடன் வரவில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 82 கவுன்சில்கள் அமைந்தன. ஸ்காட்லாந்தில் தனிப் பெயருடன் இதையொத்த நிறுவனங்கள் தோன்றின. ஒவ்வொரு கவுன்சிலும் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்ட தனி நிறுவனம். அதன் இயக்குநர் குழுவில் மூன்றில் இரண்டு பங்கினர் தனியார் துறையின் உயர்நிலைத் தலைவர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. உள்ளாட்சி, கல்வி, தொழிற்சங்கம், தன்னார்வத் தொண்டு ஆகிய அனைத்தும் எஞ்சிய இடங்களைப் பகிர்ந்துகொண்டன. எல்லாம் அமைந்து முடிய நான்கு ஆண்டுகள் வரை ஆகலாம் என்று எதிர்பார்த்திருந்த நிலையில், 1991 முடிவதற்குள் நாடு முழுவதும் அவை செயல்படத் தொடங்கின.

கேள்வி: தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் எத்தகைய ஆட்கள் தேவை என்பது நிறுவனம் நடத்துவோருக்குத்தானே நன்றாகத் தெரியும்? பயிற்சி முடித்தவர் வேலை பெற்றால் மட்டும் பயிற்சி நிலையத்துக்குப் பணம் தருவதும் நியாயமான ஏற்பாடாகத்தான் தோன்றுகிறது. பிறகு ஏன் இந்தக் கவுன்சில்கள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்கிறார்கள்?

பதில்: உங்கள் கேள்வியின் முதல் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். எந்த இயந்திரம் வழக்கொழிந்தது, எந்த மென்பொருள் புழக்கத்துக்கு வந்தது, எந்தப் பிரிவில் ஆள் கிடைக்காமல் பணி தேங்குகிறது என்பதெல்லாம் தலைநகரில் அமர்ந்திருக்கும் அதிகாரியைவிட நிறுவனம் நடத்துபவருக்கு முன்னதாகவே தெரியும். சிக்கல் அவர்களது அறிவில் இல்லை. அவர்களிடம் கொடுக்கப்பட்ட வேலையிலும், அந்த வேலைக்குப் பணம் வழங்கப்பட்ட முறையிலும்தான் இருந்தது.

முதலில் காலம் மாறியதைச் சொல்ல வேண்டும். வெள்ளை அறிக்கை எழுதப்பட்டபோது வேலைச் சந்தைக்கு வரும் இளைஞர் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. 1990-களில் ஆள் பற்றாக்குறை வரும் என்ற கவலையே மேலோங்கியிருந்தது. ஆனால் கவுன்சில்கள் கதவைத் திறந்த வேளையில் பொருளாதாரம் சரிந்தது. 1990 வசந்தத்தில் சுமார் 16 லட்சமாக இருந்த வேலையற்றோர் எண்ணிக்கை 1993 தொடக்கத்தில் 30 லட்சத்தை நெருங்கியது. தம் வட்டாரத்தின் தொழில் எதிர்காலத்தைத் திட்டமிடலாம் என்று நம்பி வந்த நிறுவனத் தலைவர்கள், அரசு வகுத்த வேலையற்றோர் திட்டங்களுக்கு ஆள் சேர்த்துக் கணக்கு எழுதுவதிலேயே பெரும்பகுதி நேரத்தைச் செலவிட நேர்ந்தது. பணத்தின் பெரும்பகுதி அந்தத் திட்டங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்ததால், அதை வேறு வகையில் செலவிட அவர்களுக்கு அனுமதி இல்லை.

இரண்டாவதாக, நீங்கள் நியாயமானது என்று குறிப்பிடும் அந்தப் பண ஏற்பாட்டைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். தொடக்கத்தில் பயிற்சிக் காலத்துக்கு வாரக் கணக்கில் பெரும் பங்கும், சான்றிதழ் அல்லது வேலை கிடைத்த பிறகு சிறு பங்கும் வழங்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல, முடிவைப் பொறுத்து வழங்கப்படும் பங்கு கூடிக்கொண்டே போனது. இரண்டு பேர் விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அலுவலக அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. சில வாரப் பயிற்சியில் சான்றிதழ் வாங்கிவிடுவார், ஒருவேளை பயிற்சியே இல்லாமலும் வேலை தேடிக்கொள்வார். மற்றவர் எழுதப் படிக்கத் தடுமாறுகிறார். அவருக்கு அடிப்படையிலிருந்து தொடங்கி ஓராண்டாவது பொறுமையாகக் கற்பிக்க வேண்டும். இருவருக்கும் இறுதியில் கிடைக்கும் தொகை ஏறத்தாழ ஒன்றே என்றால், பயிற்சி நிலையம் யாரைச் சேர்த்துக்கொள்ளும்? அந்த நிலையத்தை நடத்துபவர் மனம் இரங்காதவர் என்று நான் சொல்லவில்லை. இரக்கப்பட்டு இரண்டாமவரைத் தொடர்ந்து சேர்த்துக்கொண்ட சிறிய நிலையங்கள் நிலைத்திருக்க முடியாத அளவுக்கு ஒப்பந்த விதிகள் இறுகின என்பதுதான் துயரம். உதவி மிகவும் தேவைப்பட்டவர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவதைப் பொதுப் பணத்தின் வெற்றி என்று நாம் கணக்கு எழுத முடியாது.

இதற்கு அமெரிக்காவிலிருந்து வலுவான சான்றும் உண்டு. அங்கிருந்த திட்டத்தை மதிப்பிட, 16 இடங்களில் ஏறத்தாழ 20,000 விண்ணப்பதாரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் பயிற்சிக்கு அனுமதி அளித்து, மறு பகுதியினரை நிறுத்திவைத்து, இரு சாராரின் வருமானத்தையும் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு, ஆண் பெண் இருபாலருக்கும், ஓரளவு வருமான உயர்வு கிடைத்திருந்தது. பள்ளியை விட்ட இளைஞர்களுக்குப் பலன் எதுவும் தென்படவில்லை. ‘இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது’ என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தால் இந்த வேறுபாடு ஒருபோதும் வெளியே தெரிந்திருக்காது, ஏனெனில் பயிற்சி இல்லாமலும் அவர்களில் பலர் வேலை பெற்றிருப்பார்கள்.

மூன்றாவது காரணம்தான் என் பார்வையில் அடிப்படையானது. ஒரு நிறுவனம் செலவழித்துப் பயிற்சி கொடுத்த ஊழியரை, பயிற்சிக்கு ஒரு காசும் செலவழிக்காத பக்கத்து நிறுவனம் சற்றுக் கூடுதல் சம்பளம் கொடுத்து அழைத்துக்கொள்ள முடியும். இந்த அச்சம் இருக்கும்வரை எல்லா நிறுவனங்களும் தேவையைவிடக் குறைவாகவே பயிற்சி அளிக்கும். இதைச் சரிசெய்ய பிரிட்டனின் 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தொழில் வாரியாகப் பயிற்சி வாரியங்களை அமைத்து, அந்தந்தத் தொழிலின் நிறுவனங்களிடமிருந்து தீர்வை வசூலித்து, பயிற்சி அளிப்பவர்களுக்கு மானியமாகத் திருப்பித் தர வழி செய்திருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்த வாரியங்களில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. கட்டுமானத் துறை, பொறியியல் கட்டுமானத் துறை வாரியங்கள் மட்டும் இன்றும் தீர்வை வசூலித்துவருகின்றன. ஆகவே, கவுன்சில்களின் மேசையைச் சுற்றி அமர்ந்த தலைவர்கள் அரசுப் பணத்தைப் பற்றித் தீர்மானித்தார்களே தவிர, தம் வட்டாரத்தின் எந்த நிறுவனத்தையும் பயிற்சி அளிக்கும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. ஜெர்மனியில் நிறுவனங்கள் சட்டப்படி வர்த்தக சபையில் உறுப்பினராகியே தீர வேண்டும். தொழில் பழகுநருக்கு உதவித்தொகையை நிறுவனமே தருகிறது. தேர்வுக் குழுக்களில் தொழிலாளர் தரப்பும் அமர்கிறது. அங்கே தொழில்துறையினர் குரலுக்கு இருக்கும் எடை, அவர்கள் ஏற்கும் செலவிலிருந்தும் கடமையிலிருந்தும் வருகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அந்தக் கவுன்சில்களில் நேரம் ஒதுக்கி உழைத்தவர்களின் பங்களிப்பைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஊழியர் மேம்பாட்டுக்கான தரச் சான்று பல நிறுவனங்களுக்குப் பரவியதிலும், 1990-களின் நடுவில் புதிய தொழில் பழகுநர் திட்டம் வேர்விட்டதிலும், பள்ளிகளுக்கும் தொழிலகங்களுக்கும் இடையே பழக்கம் ஏற்பட்டதிலும் அவற்றுக்கு உண்மையான பங்கு உண்டு.

கேள்வி: அரசுப் பணத்தில் இயங்கும் கவுன்சில் ஒன்று திவாலாக முடியுமா?

பதில்: முடியும்; நடந்தும் இருக்கிறது. லண்டனின் தென் தேம்ஸ் கவுன்சில் 1994 டிசம்பரில் கடன் தீர்க்க இயலாமல் அதன் சொத்துகளைக் கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கவுன்சில் அரசுத் துறையாக இல்லாமல் தனி நிறுவனமாக இருந்ததால், அதனிடம் ஒப்பந்தம் எடுத்திருந்த பயிற்சி நிலையங்கள் பணம் வர வேண்டிய மற்றவர்களைப் போலவே வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று.

கேள்வி: இன்று அந்தக் கவுன்சில்கள் இல்லை. அவற்றின் இடத்தில் என்ன வந்தது? எங்காவது இத்தகைய கவுன்சில் ஒன்றைப் புதிதாக அமைத்தால், அதன் விதிகளில் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்?

பதில்: 2001-இல் அவை மூடப்பட்டு, கற்றல், திறன் கவுன்சில் என்ற தேசிய அமைப்பு 47 உள்ளூர்க் கிளைகளுடன் வந்தது, அதுவும் 2010-இல் முடிவுக்கு வந்தது. இப்போது இங்கிலாந்தில், 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேலை தருவோரின் அமைப்புகள் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் திறன் மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கின்றன; கல்லூரிகள் அதைக் கருத்தில் கொண்டு பாடங்களை அமைக்க வேண்டும். அதாவது, தேவையைச் சொல்லும் பொறுப்பு தொழில்துறையினரிடம் இருக்கிறது, கற்பிக்கும் பணத்தின் பெட்டி அவர்களிடம் இல்லை. 2017 முதல், ஆண்டுக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல் சம்பளப் பட்டியல் உள்ள நிறுவனங்கள் 0.5 சதவீதத் தீர்வையும் செலுத்துகின்றன. அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வணிகப் பெரும்பான்மையை வைத்துக்கொண்டே, உள்ளூர் வாரியத்தில் குறைந்தது 20 சதவீத இடங்களைத் தொழிலாளர் தரப்புக்கு ஒதுக்கியிருக்கிறது.

விதிகளில் நான் முதலில் தேடுவது, எழுதப் படிக்கத் தடுமாறும் அந்த இரண்டாம் விண்ணப்பதாரருக்குக் கூடுதல் தொகை ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்பதையே. அதன் பிறகு, உறுப்பினர்களாக அமரும் நிறுவனங்கள் தாங்களே எத்தனை பழகுநர்களை எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருக்கின்றன என்று பார்ப்பேன். இயக்குநரின் சொந்த நிறுவனமே பயிற்சி ஒப்பந்தம் கேட்டு வந்தால் அவர் அந்தக் கூட்டத்திலிருந்து வெளியேற வேண்டும் என்ற விதி, சிறு நிறுவனங்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம், ஓராண்டுக்குப் பதிலாக மூன்று ஆண்டுகளாவது நீடிக்கும் ஒப்பந்தம் ஆகியவையும் வேண்டும். பயிற்சி முடித்தவர்கள் அதே வேலையில் ஓராண்டுக்குப் பிறகும் இருக்கிறார்களா, என்ன சம்பளம் பெறுகிறார்கள் என்ற விவரத்தைக் கவுன்சில் ஒவ்வோர் ஆண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும். இடையில் விட்டுச் சென்றவர்களின் எண்ணிக்கையும், விண்ணப்பித்தும் சேர்க்கப்படாதவர்களின் எண்ணிக்கையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.