விலை குறைந்த மிடி கீபோர்டில் (கணினியோடு இணைத்து வாசிக்கிற வகை) சில கட்டைகள் தேய்ந்து ஒழுங்காகப் பேசவில்லை. பழுது பார்க்கலாமா, புதிதாக வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். இப்போதைக்கு வாங்காதீர்கள் என்று திருத்திக்கொள்கிறேன்.

நடுவில் மூன்று நான்கு கட்டைகள் மட்டும் தகராறு, ஒன்று பேசவே இல்லை, ஒன்று கத்துகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது யூ.எஸ்.பி. வயரில் கணினியோடு சேரும் 49 கட்டை வகை என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், வாரண்டி போயிருக்கும். வாரண்டி இருக்கிறதென்றால் இந்தப் பதிலை மூடிவிட்டு வாங்கிய கடைக்குப் போங்கள். திருகாணியில் கை வைத்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, பி.காம். திருச்சியில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஆடியில் அம்மன் பாட்டு, கார்த்திகையில் ஐயப்பன் பாட்டு என்று ட்ராக் போட்டுத் தருகிற வேலையும் உண்டு. இவனுக்கென்ன தெரியும் என்று நினைக்கிறவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

என்னிடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் படிக்கிறான். கர்நாடக சங்கீதத்தின் முதல் பாடமான சரளிவரிசைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டையில் ஸ வைத்து மாயாமாளவகௌளை ராகம் (வெள்ளைக் கட்டைகளை ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவோம், நடுவில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை என்று அரைக் கட்டைகள்). ஸ மெதுவாக வரும், அடுத்து ரி 'டங்' என்று தலையில் அடித்த மாதிரி வரும், பிறகு க ம ஒழுங்காக வரும். "ரியை ஏண்டா குத்துற? விரலை வை, அடிக்காதே" என்று சொல்லிப் பார்த்தேன். மறுநாளும் அதே. இரண்டு வாரம் இப்படியே போனது. ஒரு நாள் எனக்கும் பொறுமை போய், கொஞ்சம் சத்தமாகவே திட்டிவிட்டேன். அவன் அழவில்லை. கீழ் உதட்டை மடித்துக்கொண்டு, அந்தக் கறுப்புக் கட்டையை மட்டும் தொடாமல் ஸ க ம ப என்று வாசிக்க ஆரம்பித்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவன் அம்மா எழுந்து வந்து, "சார், நீங்க ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்களேன்" என்றார்.

வாசித்துக் காட்டினேன். ஸ. டங்.

அன்று இரவு விண்டோஸில் மிடி-ஆக்ஸ் என்ற இலவச நிரலைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டையையும் அழுத்தும்போது கணினிக்கு என்ன போகிறது என்பதை எண்ணாகக் காட்டும். நடு ஸ்தாயி ஸ என்றால் 60, பக்கத்து ஒன்றரைக் கட்டை 61. கூடவே எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பது 1 முதல் 127 வரை வரும். 60-ஐ மெல்லத் தொட்டால் 35, 40. அதே விரலில் 61-ஐத் தொட்டால் 127. பூனை நடப்பது போலத் தொட்டாலும் 127. பையன் மேல் ஒரு தப்பும் இல்லை.

நீங்களும் முதலில் இதைச் செய்யுங்கள். பழுது கீபோர்டிலா, பாட்டு மென்பொருளிலா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தெந்தக் கட்டை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பெரும்பாலும் ரப்பர்தான். வரிசையாக ஏழெட்டுக் கட்டைகள் சேர்ந்து செத்திருந்தாலோ, அளவெடுத்தது போல எட்டுக்கு ஒன்றாகப் போயிருந்தாலோ அது ரப்பர் இல்லை. கட்டைகளை உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையில் குறுக்கும் நெடுக்குமாக வரிசை பிரித்துத்தான் இணைத்திருப்பார்கள். ஒரு வரிசையின் இணைப்புக் கோடோ தட்டை வயரோ விட்டிருந்தால் அந்த வரிசை முழுவதும் போகும். அதற்குச் சால்டரிங், அதாவது ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

ரப்பர் என்று சொல்கிறேனே, அது என்ன என்றால், கட்டைக்கு அடியில் நீளமான ரப்பர் பட்டை ஒன்று ஓடும். ஒவ்வொரு கட்டைக்கும் அதில் ஒரு குமிழ். குமிழின் உள்பக்கம் மிளகை நசுக்கி ஒட்டியது போல இரண்டு கரிப் புள்ளிகள். கீழே பலகையில் இரண்டு சீப்புகளின் பற்களைக் கோத்து வைத்தது போலக் கறுப்புக் கோடுகள். கட்டையை அழுத்தினால் முதல் புள்ளி முன்னால் தொடும், இரண்டாவது ஒரு இம்மி பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பதை வைத்துத்தான் நீங்கள் மெல்ல வாசித்தீர்களா ஓங்கி அடித்தீர்களா என்று அது கணக்குப் போடுகிறது. தனியாக எடை பார்க்கும் கருவி எதுவும் உள்ளே இல்லை. முதல் புள்ளி அழுக்கடைந்தோ தேய்ந்தோ தாமதமாகப் பிடித்தால் இடைவெளி சுருங்கிவிடும். ஆஹா, ஓங்கி அடித்துவிட்டான் என்று அது நினைத்துக்கொள்ளும். இரண்டாவது புள்ளி பிடிக்கவே இல்லை என்றால் சத்தமே வராது. உங்கள் கத்துகிற கட்டைக்கும் ஊமைக் கட்டைக்கும் விளக்கம் அவ்வளவுதான். மிடி மொழி 1983-இல் வந்தது, இன்றும் அப்படியே ஓடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் ரப்பர் மூன்று வருடம் தாங்கமாட்டேன் என்கிறது.

சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். கட்டைத் தொகுதியையே மொத்தமாக மாற்ற வேண்டும், 4,800 ரூபாய், சென்னைக்கு அனுப்பி வர மூன்று வாரம் என்றார்கள். நான் வாங்கியதே 8,500-க்கு. ரப்பர் பட்டை மட்டும் தாருங்கள் என்றால் அப்படிப் பிரித்துத் தருவதில்லையாம். ஒரு பட்டைக்காக ஒரு கீபோர்டா என்று வந்த கோபத்தில்தான் திறந்தேன்.

யூ.எஸ்.பி. வயரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் போட்டால் வெளிப்பக்கம் மட்டும் 19 திருகாணி. எல்லாம் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போட்டால் மேல்புறம் பிளாஸ்டிக் விரிசல் விடும். என் அம்மாவின் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டேன். 14 குழி, எடுத்த இடத்தின் வரிசைப்படி ஒவ்வொரு குழியிலும் ஒன்றிரண்டு. இதைவிடச் சிறந்த கருவியை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூடியைத் தூக்கும்போது சட்டென்று இழுக்காதீர்கள், அதோடு தட்டை வயர் ஒட்டிக்கொண்டு வரும். அது அறுந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் வீண்.

என்னுடையதில் பலகை கட்டைகளுக்கு அடிப்பக்கம் இருந்ததால் கட்டைகளைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. சில மாடல்களில் கழற்றித்தான் ஆக வேண்டும். அப்போது பின்பக்கம் இருக்கும் சின்ன ஸ்பிரிங்குகள் பறந்துவிடும், ஜன்னலோரம் உட்காராதீர்கள். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பென்சில் சீவல், ஒரு செத்த எறும்பு, முடி, முறுக்கில் இருந்து உதிர்ந்த எள். வகுப்பில் சாப்பிடக் கூடாது என்று போர்டு மாட்டியிருக்கிறேன். முறுக்கு என்னுடையது.

நடு ஸ்தாயிப் பட்டையைத் திருப்பிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. ஸ ரி க ம ப த நி, அதாவது ஒன்று, ஒன்றரை, மூன்று, நான்கு, ஐந்து, ஐந்தரை, ஏழு. இந்த ஏழு கட்டைகளின் கரிப் புள்ளிகள் மட்டும் பளபளவென்று வழித்தது போல இருந்தன, சீப்புப் பல் அச்சோடு. நடுவில் இருக்கும் இரண்டு, இரண்டரை, நாலரை, ஆறு, ஆறரை ஐந்தும் கடையில் வாங்கிய அன்றிருந்த மாதிரி மங்கலாக, புத்தம் புதிதாக இருந்தன. மூன்று வருடச் சரளிவரிசை அந்த ரப்பரில் எழுதியிருந்தது. சரளிவரிசையை வகுத்தவர் என்று சொல்லப்படும் புரந்தரதாசர் இந்த ராகத்தில் பாடம் வைத்தபோது இதை யோசித்திருக்க நியாயமில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஏழு கட்டைகள் இவ்வளவு தேய்ந்ததற்குப் பெற்றோர்களும் ஒரு காரணம். மார்ச் பிறந்தால் "பரீட்சை வருது சார், ரெண்டு மாசம் நிறுத்திக்கிறோம்" என்பார்கள். ஃபீஸும் நின்றுவிடும். என் வீட்டு வாடகை அந்த இரண்டு மாதம் நிற்பதில்லை. மே மாதம் வந்து "எல்லாம் மறந்துட்டான் சார், மொதல்லேர்ந்து சொல்லிக் குடுங்க" என்பார்கள். மறுபடி ஸ ரி க ம. டியூஷனுக்கு மட்டும் ஏப்ரலில் இரட்டிப்பாகப் பணம் கட்டுவார்கள். பாட்டு வாத்தியார் என்றால் பருவத்துக்கு வருகிற மாம்பழ வண்டிக்காரர் என்ற நினைப்பு. சரி, விடுங்கள். இது நீங்கள் கேட்ட கேள்வி இல்லை.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வேண்டும். ஐ.பி.ஏ. என்று கேட்டால் மொபைல் ரிப்பேர் கடையில் புரிந்துகொள்வார்கள். எங்கள் தெருக் கடைப் பையன் ஒரு சின்ன டப்பாவில் ஊற்றித் தந்து, "கீபோர்டுக்கா அண்ணே, அழுத்தித் தேய்ச்சிராதீங்க" என்றான். அது முக்கியமான புத்திமதி. பலகைக் கோடுகளைப் பஞ்சு வராத துணியால் துடைக்கலாம். கரிப் புள்ளியை ஒற்றி எடுத்தால் போதும், தேய்த்தால் மிச்சம் இருக்கும் கரியும் வந்துவிடும். உப்புத்தாளைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கொரோனா காலத்துச் சானிடைசர் அலமாரியில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள், அதில் தண்ணீரும் கையை மென்மையாக்கும் பிசுக்கும் கலந்திருக்கும். துருவுக்கு அடிக்கிற எண்ணெயும் வேண்டாம்.

சுத்தம் செய்ததில் த, நி இரண்டும் சரியாகிவிட்டன. ரி மட்டும் அடம். 6பி என்கிற மென்மையான ஓவியப் பென்சிலால் அந்தப் புள்ளியில் கரி பூசினேன். வேலை செய்தது, மூன்று வாரம். அப்புறம் மறுபடி டங். பென்சில் வைத்தியம் கச்சேரிக்கு முந்தின நாள் அவசரத்துக்குத்தான் சரி. சிலர் அலுமினியத் தாளைப் புள்ளியாக வெட்டி ஒட்டச் சொல்கிறார்கள். செய்தவர்கள் இருக்கலாம், நான் செய்யவில்லை, பசை சீப்புக் கோட்டில் இறங்கினால் பலகையே போய்விடும்.

கடைசியில் கைகொடுத்த வழி ஒரு பைசா செலவில்லாதது. 49 கட்டைக்கும் ஒரே பட்டை இருக்கவில்லை. 12 கட்டைக்கு ஒன்றாக மூன்று, கடைசியில் 13 கட்டைக்கு ஒன்று. 12 கட்டைப் பட்டைகள் மூன்றும் ஒரே அச்சு. கீழ் ஸ்தாயிப் பட்டையை என் மாணவர்கள் யாரும் தொட்டதே இல்லை. அதை உருவி நடுவில் போட்டேன், நடுவில் இருந்த தேய்ந்ததைக் கீழே தள்ளினேன். பட்டையின் ஓரக் காம்புகளை ஓட்டைக்குள் இழுப்பதுதான் கொஞ்சம் படுத்தும், ஊசி வேண்டாம், பல்குச்சியால் தள்ளுங்கள். குமிழ்களுக்கு நடுவே காற்றுப் போகச் சன்னமான வழி இருக்கும், அது அடைபட்டால் கட்டை மெத்தையை அமுக்குவது போல மந்தமாகிவிடும். மூடுவதற்கு முன் வயரைச் செருகி எல்லாக் கட்டைகளையும் ஒரு முறை எண்ணில் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமல் 19 திருகாணியையும் போட்டு, ஒரு காம்பு வெளியே நின்றதற்காகத் திரும்பவும் கழற்றினேன்.

"இதற்கெல்லாம் 88 கட்டை வெயிட்டட் வாங்கலாமே" என்று, பியானோ போலக் கனமான கட்டை உள்ளதைச் சொல்லி, கீழே யாராவது எழுதுவீர்கள். வாங்கலாம். அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இதே ரப்பர்தான் இருக்கிறது, கழற்றுவது மட்டும் பத்து மடங்கு கஷ்டம். கட்டையின் பிளாஸ்டிக் கீலே உடைந்திருந்தாலோ, பலகைக் கோடு உரிந்து வந்திருந்தாலோ புதிது வாங்குங்கள், நானே சொல்கிறேன். யூ.எஸ்.பி. துளை ஆடினால் அது வேறு வேலை, சால்டரிங் தெரிந்த மொபைல் கடைக்காரரே செய்துவிடுவார். இப்போது என் கீபோர்டு மேல் ராத்திரியில் பழைய வேட்டி ஒன்று போர்த்திக் கிடக்கிறது. எள் விழுவது நின்றிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கீபோர்டுதாண்டா தப்பு" என்றேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை, நடு ஸ்தாயியில் ஸ ரி க ம வாசித்துப் பார்த்துத் தலையாட்டினான். அப்புறம் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே இடது பக்கம் நகர்ந்து போனவன், கீழ்க் கோடியில் ஒரு 'டங்' வந்ததும் திரும்பிப் பார்த்தான். "சார், அந்த ரி இங்க வந்து ஒக்காந்திருக்கு." இப்போதும் வகுப்பு முடிந்து கிளம்பும்போது அதை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் போகிறான்.