நாற்றுத் தட்டில் சாயும் மிளகாய்க் கன்றுகள்

கேள்வி: முதன்முறையாக மாடித்தோட்டம் தொடங்கியிருக்கிறேன். குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, மிளகாய் விதைத்து, சன்னலோரம் வைத்தேன். பெரும்பாலானவை முளைத்துவிட்டன. ஆனால் இப்போது சில கன்றுகள் அடியோடு சாய்ந்து விழுகின்றன. மற்றவை மெலிந்து நீண்டு, மஞ்சளாகி நிற்கின்றன. காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் விடுகிறேன், பஞ்சகவ்யமும் ஊற்றினேன். விதையில்தான் குறையா?
– வாசகி, திருச்சி

பதில்: முளைத்துவிட்ட விதையைக் குறை சொல்ல இடமில்லை. உங்கள் தட்டில் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. அவற்றுள் இரண்டுக்கு, நீங்கள் தவறாமல் விட்ட தண்ணீரே பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

சாய்ந்த கன்றின் தண்டை, நார்க்கழிவின் மேல்மட்டத்தை ஒட்டிய இடத்தில் உற்றுப் பாருங்கள். அந்த இடம் மட்டும் நீர்கோத்து, பழுப்பேறி, நூலிழை அளவுக்குச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற நுண்ணுயிரிகளால் வருவது. பித்தியத்தின் வித்துகள் நீரில் நீந்திப் பரவக்கூடியவை என்பதால், எப்போதும் ஈரமாக இருக்கும் தட்டில் அது ஒரு குழியிலிருந்து அடுத்ததற்கு எளிதாகச் செல்லும். விழுந்த கன்றைக் காப்பாற்ற இயலாது. அந்தக் குழியின் நார்க்கழிவோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மாலைத் தண்ணீரை உடனே நிறுத்துங்கள். காலையில் தட்டைக் கையில் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருந்தால் மட்டும் பூவாளியால் மெல்லத் தெளியுங்கள். மேற்பரப்பு உலர்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிறைந்திருக்கும். நார்க்கழிவு புதியவர்களை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான். குழிகளின் அடித்துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அடுத்த முறை விதைக்கும் முன், டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியை விதையோடு கலந்து விதைநேர்த்தி செய்வது நல்லது. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது உழவர்களுக்கான அளவு. உங்கள் சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே தாராளம்.

கன்றுகள் மெலிந்து நீள்வது ஒளி போதாமையால். சன்னலில் ஒரு பக்கம் மட்டுமே வெளிச்சம் கிடைப்பதால் அவை அதை நோக்கி வளைகின்றன. தட்டை மாடிக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் முதல் நாளே உச்சிவெயிலில் வைத்துவிடாமல், காலை வெயிலில் ஒரு மணி நேரம் எனத் தொடங்கி, ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, 50 சதவீத நிழல்வலையின் கீழ் நிலையாக வையுங்கள். ஏற்கெனவே நீண்ட தண்டு சுருங்காது என்றாலும், புதிய வளர்ச்சி திடமாக வரும்.

மஞ்சள் நிறத்தைப் பொறுத்தவரை, எந்த இலை என்பதே கேள்வி. முதலில் வந்த இரண்டு வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி, மேலே உள்ள உண்மையான இலைகள் பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு. கன்று முழுவதும் வெளிறியிருந்தால், ஒரு கன்றை மெல்ல எடுத்து வேரைப் பாருங்கள். வேர் பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் தண்ணீர் மிகுதி. வெண்மையாக இருந்தால் பசி. ஏனெனில் நார்க்கழிவில் சத்து மிகக் குறைவு. அப்போது தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கரைத்து வாரம் ஒரு முறை கொடுத்தால் போதும். இலை நுனி கருகியிருந்தால் உப்பைச் சந்தேகியுங்கள். கழுவாத நார்க்கழிவு, ஆழ்துளைக் கிணற்று நீர் இரண்டுமே உப்பைச் சேர்ப்பவை. பஞ்சகவ்யத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். வளர்ந்த செடிகளுக்கே அதை லிட்டருக்கு 30 மி.லி. எனக் கலந்துதான் தெளிப்பார்கள். ஈரத் தட்டில் ஊற்றினால் சிறு கறுப்பு ஈக்கள் வந்து முட்டையிடும். அவற்றின் புழுக்கள் இளவேரைக் கடிக்கும்.

கேள்வி: பிழைத்த கன்றுகளை எப்போது தொட்டிக்கு மாற்றலாம்? தக்காளியைப் போலத் தண்டைப் புதைத்து நடலாமா?
– அதே வாசகி

பதில்: மிளகாய்க்குப் பொதுவாக 35 முதல் 40 நாள் வயது; உங்கள் கன்றுகள் பின்தங்கியிருப்பதால் இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாம். தக்காளித் தண்டு புதைத்த இடத்திலெல்லாம் வேர்விடும். மிளகாய் அவ்வளவு எளிதில் விடாது, ஈரத்தில் அழுகவும் கூடும். எனவே குழியில் இருந்த ஆழத்திலேயே, மாலை வேளையில் நட்டு, மெலிந்த தண்டுக்கு ஈர்க்குச்சியை ஊன்றுகோலாக வையுங்கள். நட்ட பின் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் செடிச்சிலந்தி என்னும் நுண்ணிய உண்ணியையும் இலையின் அடிப்பக்கத்தில் தேடுங்கள்.