ஓவர்லேஎஃப்எஸ்-இல் கீழ் லேயர் ஃபைலை மேலே காப்பி செய்யும் கெர்னல் கோடை ரிவ்யூ செய்யும்போது எதை முதலில் பார்க்க வேண்டும்?

டேட்டாவை நகலெடுக்கும் லூப்பைக் கடைசியில் பாருங்கள். பேட்ச் (கோடில் முன்மொழியும் மாற்றம்) வந்ததும் பலரும் அங்கேதான் போய் உட்காருகிறார்கள். அதில் தப்பு இருந்தால் ஃபைல் உடைந்து சீக்கிரமே தெரிந்துவிடும். மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாத தப்புகள் லூப்புக்கு முன்னும் பின்னும்தான் இருக்கும்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: ஓவர்லேஎஃப்எஸ் என்பது பல டைரக்டரிகளை லேயர்களாக அடுக்கி ஒன்றாகக் காட்டும் லினக்ஸ் ஃபைல்சிஸ்டம். டாக்கரில் ஒரு கண்டெய்னர் (தனித்து ஓடும் ப்ரோகிராம் சூழல்) எந்த இமேஜிலிருந்து கிளம்புகிறதோ, அதன் லேயர்கள் கீழே, படிக்க மட்டும். அதிலுள்ள ஒரு ஃபைலைக் கண்டெய்னர் எழுதுவதற்காகத் திறந்தால், ஒரு பைட்கூட எழுதும் முன்பே கெர்னல் அதை மேல் லேயருக்குக் காப்பி செய்துவிடும்; இதுதான் காப்பி அப். 2014-இல் லினக்ஸ் 3.18-உடன் ஓவர்லேஎஃப்எஸ் மெயின்லைனுக்கு, அதாவது அதிகாரப்பூர்வ கெர்னலுக்கு வந்தது.

என் முதல் கேள்வி: பாதியில் கரண்ட் போனால் என்ன மிஞ்சும்? பழைய ஃபைல் இருக்கலாம், முழுப் புது ஃபைல் இருக்கலாம். அரைகுறை இருக்கவே கூடாது. அதனால்தான் நகல் வொர்க்டிர் என்ற தற்காலிக டைரக்டரியில் தயாராகி, எஃப்சிங்க் ஆன பிறகு (அதாவது டேட்டா டிஸ்கில் உறுதியாக எழுதப்பட்ட பிறகு), ரீனேம் அல்லது லிங்க் மூலம் ஒரே அடியாக இடத்துக்கு வருகிறது. வொர்க்டிரும் அப்பர்டிரும் (மேல் லேயரின் டைரக்டரி) ஒரே ஃபைல்சிஸ்டத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இதனால்தான். எஃப்சிங்க்கை ரீனேமுக்குப் பின்னால் தள்ளும் பேட்ச் எவ்வளவு வேகம் காட்டினாலும் நான் ஏற்கமாட்டேன்.

அடுத்தது வரிசை. ஒரு ஃபைலில் எழுதினால் கெர்னல் அதன் செக்யூரிட்டி கேபபிலிட்டியை (ரூட்டின் அதிகாரத்தில் ஒரு பகுதியை மட்டும் ப்ரோகிராமுக்குத் தரும் குறிப்பு) தானாகவே அழித்துவிடும். அந்தக் குறிப்பு ஃபைலோடு ஒட்டிய எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்களில் ஒன்று. ஆகவே டேட்டா முதலில், எக்ஸ்டெண்டட் ஆட்ரிபியூட்கள் பிறகு. இதை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? கேபபிலிட்டியை நம்பி ஓடும் பிங் பைனரியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வந்த நகலின் செக்சம் அச்சு அசலாகப் பொருந்தும், சைஸ் சரியாக இருக்கும். ஆனால் சாதாரண யூசர் ஓட்டினால் அனுமதி இல்லை என்று வரும். டேட்டாவை மட்டும் ஒப்பிடும் டெஸ்ட் இதை ஒருநாளும் பிடிக்காது. டைம்ஸ்டாம்ப்பும் அப்படித்தான், கடைசியில்தான் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், யாருடைய அதிகாரத்தில் இந்த நகல் உருவாகிறது என்பது. சிவிஇ-2023-0386 என்ற பாதுகாப்பு ஓட்டையைப் பற்றி அவசியம் படியுங்கள். சாதாரண யூசர் ஒருவர் தன் ஃபியூஸ் மவுண்டில் (சாதாரண ப்ரோகிராமே நடத்தும் ஃபைல்சிஸ்டம்), ரூட்டுக்குச் சொந்தமான செட்யூஐடி ஃபைல் (யார் ஓட்டினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுவது) என்று எதை வேண்டுமானாலும் காட்டலாம். மவுண்ட் நோசூயிட், அதாவது செட்யூஐடியை மதிக்காதது என்பதால் அது அங்கே ஒன்றும் செய்யாது. அதையே கீழ் லேயராக வைத்து, யூசர் நேம்ஸ்பேஸுக்குள் (யூசர் எண்களைத் தனியாக மேப் செய்துகொள்ளும் வட்டம்) ஓவர்லே மவுண்ட் போட்டு காப்பி அப் நடக்கவிட்டால், நிஜ டிஸ்கில் நிஜமான ரூட் செட்யூஐடி ஃபைல் வந்து விழுந்தது. டேட்டா லூப்பில் ஒரு குறையும் இல்லை. தீர்வு சில வரிகள்தான்: ஃபைலின் யூஐடி (யூசர் எண்), ஜிஐடி (குழு எண்) இரண்டில் எதற்காவது அந்த நேம்ஸ்பேஸில் மேப்பிங் இல்லையென்றால் எரர் கொடுத்துத் திரும்பிவிடு.

ஒவ்வொரு எரர் பாதையிலும் தற்காலிக ஃபைல் நீக்கப்படுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்ற ஃபைல்சிஸ்டம் டெஸ்ட் தொகுப்பின் ஓவர்லே டெஸ்ட்களை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு லூப்பைத் திறக்கலாம்.