சிக்னல் போனாலும் எடைக்கணக்கு தப்பக் கூடாது

கேள்வி: கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஏல எடையை 8 ஆண்ட்ராய்டு போன்களில் பதிகிறோம். சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. சில பதிவுகள் சர்வரில் இரண்டு முறை ஏறுகின்றன, சில வருவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: இரட்டிப்புக்குக் காரணம், பதிவு போய்ச் சேர்ந்த பிறகு சர்வரின் பதில் வழியில் தொலைவதுதான். வஞ்சிரம் 42 கிலோ சர்வரில் ஏறிவிட்டது. போனுக்கு அது தெரியாது, மறுபடி அனுப்புகிறது, கணக்கு 84 ஆகிறது. ஆகவே ‘சேமி’ பட்டனைத் தொட்டதுமே அந்தப் பதிவுக்குப் போனே ஒரு யுயுஐடி (வேறு எந்தப் பதிவுக்கும் வராத தனி அடையாள எண்) கொடுத்துவிட வேண்டும். சர்வர் டேபிளில் அது யுனிக் ஆக, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை ஏறாதபடி, இருக்கட்டும். அதே ஐடி திரும்ப வந்தால் ‘கிடைத்தது’ என்றே பதில் போக வேண்டும். எரர் அனுப்பினால் போன் விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். பலர் சறுக்குவது இங்கேதான்.

பதிவு தொலைகிறதென்றால், அனுப்ப வேண்டியவை பெரும்பாலும் போனின் மெமரியில் மட்டும் இருக்கும். ஆப் மூடியதும் போய்விடும். எடையையும் ‘அனுப்ப வேண்டியவை’ வரிசையையும் எஸ்க்யூலைட்டில் (போனிலேயே இருக்கும் டேட்டாபேஸ்), இரண்டும் சேர்ந்தே பதிவாகும்படி ஒரே டிரான்ஸாக்‌ஷனில் எழுதுங்கள். சர்வர் பதில் வந்த பிறகே வரிசையிலிருந்து நீக்குங்கள்.

அனுப்பும் வேலையை, ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளைக் கவனிக்கும் வொர்க்மேனேஜரிடம் விடலாம். ஆனால் திரும்பத் திரும்ப ஓடும் வேலைக்கு அது 15 நிமிடத்துக்குக் குறைந்த இடைவெளி தராது. எனவே ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒருமுறை ஓடும் வேலையைச் சேருங்கள். தோற்றால் முதலில் 30 விநாடி காத்திருக்கும், பிறகு அது இரட்டித்துக்கொண்டே 5 மணி நேரம் வரை போகும். போனில் சிக்னல் காட்டியும் டேட்டா நகராத துறைமுகத்தில் இது பெரிய தொல்லை. ‘இப்போதே அனுப்பு’ என்று ஒரு பட்டன் வைத்து, காத்திருக்கும் வேலையை ரத்துசெய்து புதிதாகத் தொடங்குங்கள். யுயுஐடி இருப்பதால் பயமில்லை. பக்கத்தில் ‘அனுப்பாதவை: 7’ என்று எண்ணிக்கையும் தெரியட்டும். பேட்டரி செட்டிங்கில் இந்த ஆப்புக்குக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள்.

எடையைத் திருத்த, பழைய வரியை அழிக்காமல் ‘-2 கிலோ’ என்று புது வரி போடுங்கள். இரண்டு போன்கள் ஒரே நேரத்தில் திருத்தினாலும் கூட்டுத்தொகை சரியாக வரும். பதிவுகளின் வரிசையைப் போன் கடிகாரத்தை நம்பி முடிவுசெய்யாதீர்கள், சர்வர் தரும் வரிசை எண்ணே போதும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது சோதித்துவிடுங்கள். 8 போன்களிலும் தலா 50 பதிவுகள் போட்டு, அனுப்பும்போதே ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள், ஆப்பை மூடுங்கள், போனை அணைத்துப் போடுங்கள். கடைசியில் சர்வரில் சரியாக 400 வரிகள் இருக்க வேண்டும்.