எழுபது நிமிஷம் நன்றாகத்தான் ஆடுகிறார்கள்

கேள்வி: ரக்பி லீக்கில் நான் ஆதரிக்கும் அணி முக்கால் மேட்ச் வரை முன்னிலையில் இருக்கும், கடைசிப் பத்து நிமிடத்தில் கோட்டை விடும். போன வாரமும் 12 புள்ளி முன்னிலை, அப்படியே போச்சு! ஏன் இப்படி?
- பெயர் வேண்டாம், சிட்னி

பதில்: 12 புள்ளி என்பது கன்வெர்ஷனோடு (ட்ரைக்குப் பின் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, 2 புள்ளி) இரண்டே ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது, 4 புள்ளி), அதை நம்பியா உட்கார்ந்திருந்தீர்கள்? எதிரணிக்குப் பந்து கிடைத்தால் ஆறு டேக்கிள், அதாவது ஆறு முறை பிடித்து நிறுத்தும்வரை பந்து அவர்களுடையது. ஐந்தாவதில் நம் ஆள் களைத்துப்போய் விதியை மீறி ஒரு பெனால்டி கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து ஆறு, அதையும் அதே களைத்த கால்கள்தான் தடுக்க வேண்டும், மாற்று ஆட்டக்காரர்களை இறக்கும் வாய்ப்பும் என்ஆர்எல்லில் (ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடர்) எட்டுதான், பெரும்பாலும் அதற்குள் தீர்ந்திருக்கும். இன்னொன்று, முன்னிலையில் இருக்கும் அணி பயந்து ஆடும். பந்தை வீசாமல் நேராக ஓடி முட்டி, கடைசியில் உதைத்துக் கொடுத்துவிடும். எனக்கு இதுதான் பெரிய எரிச்சல்.

சரி, உங்களுக்கு மட்டுமா? பிரிஸ்பேன் பிரான்கோஸ் ரசிகர்களைக் கேளுங்கள். 2015 இறுதிப் போட்டியில் ஆட்டம் முடியும் சைரன் ஒலிக்கும் நேரத்தில் எதிரணியின் கைல் ஃபெல்ட் மூலையில் ட்ரை போட்டார், ஆட்டம் சமன், அவர் அணியின் தர்ஸ்டன் உதைத்த கன்வெர்ஷன் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கோல்டன் பாயின்ட்டில் (கூடுதல் நேரத்தில் முதலில் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி) அதே தர்ஸ்டன் 17-16 என்று முடித்துவிட்டார். 2023 இறுதிப் போட்டியில் 24-8 என்று முன்னிலையில் இருந்து, பென்ரித் அணியிடம் 26-24 என்று தோற்றதும் இவர்களேதான்.