நினிவே மேல் யாருக்குக் கோபம்?

கேள்வி: பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர், இரண்டும் ஒரே ஆள்தானா என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான். என்ன சொல்வது ஐயா?
- வாசகி, நாகர்கோவில்

உங்கள் மகனுக்கு ரொம்பப் பழைய கூட்டாளி ஒருவர் உண்டு அம்மா. இரண்டு கடவுள்கள் என்றே போதித்த மார்சியோனை கி.பி. 144 வாக்கில் ரோம் சபை விலக்கி வைத்தது. எபிரேய வேதத்தை முழுதாக ஒதுக்கியவர், லூக்காவையும் பவுலின் கடிதங்களையும்கூட வெட்டித்தான் வைத்துக்கொண்டார்.

தம்பியை யோனா புத்தகம் வாசிக்கச் சொல்லுங்கள். நாலே அதிகாரம். நினிவேக்குப் போய் எச்சரிக்கச் சொன்ன கடவுளிடமிருந்து தப்பிக் கப்பலேறி, புயலில் சிக்கி, மீன் வயிற்றுக்குள் போன தீர்க்கதரிசியின் கதை. ஞாயிறு பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்தவன் நான். மீன் யோனாவைக் கரையில் கக்கியதும் மணி அடித்துவிடும். பிள்ளைகளுக்குப் படம் வரைய மீன்தான் வசதி.

விஷயம் இருப்பது நாலாம் அதிகாரத்தில். அங்கே கோபப்படுவது கடவுள் இல்லை, தீர்க்கதரிசி! நினிவே, பின்னால் கி.மு. 722 வாக்கில் வடக்கு இஸ்ரவேலைத் துடைத்தெறிந்த அசீரியர்களின் பெருநகரம். யோனாவின் எச்சரிப்பைக் கேட்டு அந்த ஊர் ராஜா சாம்பலில் உட்கார்ந்து, ஊரையே உபவாசம் இருக்கவும், ஆடுமாடுகளுக்கும் இரட்டு என்ற சாக்குத்துணி போர்த்தவும் சொல்ல, கடவுள் மனமிரங்கிவிடுகிறார். யோனாவுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீர் இரக்கமுள்ளவர், நீடிய சாந்தமுள்ளவர் என்று தெரிந்துதானே தர்ஷீசுக்கு ஓடினேன் என்று சண்டைக்கு நிற்கிறார். நிழல் தந்த ஆமணக்கு வாடியதும் சாவதே மேல் என்கிறார். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருந்தும்போது, இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான ஜனமும் ஏராளமான மிருகங்களும் உள்ள ஊருக்காக நான் பரிதபிக்கக் கூடாதா என்று கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிகிறது. யோனாவின் பதில் இல்லை.

யோனா நொந்துகொண்டு சொன்ன அந்த வரி யாத்திராகமம் 34-ல் மோசேக்கு அறிவிக்கப்பட்டது. பொன் கன்றுக்குட்டி விவகாரம் நடந்து முடிந்த சமயம். அங்கே இரக்கத்தை அடுத்தே, குற்றவாளியைத் தண்டிக்காமல் விடமாட்டார் என்றும் வரும். யோனா அந்தப் பாதியைச் சொல்வதில்லை. ஒரு புத்தகம் தள்ளிப்போனால் நாகூம், அதே நினிவேயைப் பற்றிப் பேசும்போது அந்தப் பாதியைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். கி.மு. 612-ல் நினிவே விழுந்தது. ஆக, இரண்டு பாதியும் பழைய ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது.

புதிய ஏற்பாடு மட்டும் சாந்தமா என்ன? ஆலயத்தில் காசுக்காரர்களின் பலகைகளைக் கவிழ்த்தது இயேசுதானே. மத்தேயு 18-ல் இயேசு சொல்லும் கதையில், ராஜாவிடம் பத்தாயிரம் தாலந்து என்ற மலையளவு கடன் தள்ளுபடி பெற்றவன், வெறும் நூறு வெள்ளிப்பணத்துக்காகச் சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ராஜா அவனைச் சும்மா விடவில்லை.

ஒன்று மட்டும். இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரைக் குழந்தைகளோடு அழிக்கச் சொல்லும் 1 சாமுவேல் 15-ஐத் தம்பி நீட்டினால் மழுப்பாதீர்கள். அதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை நானும் வாசித்திருக்கிறேன். ஒன்றும் மனதுக்கு ஒட்டவில்லை.

கேள்வி: கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களின் 'மூன்று நோன்பு' எதற்காக?
- வாசகர், மார்த்தாண்டம்

நினிவே மக்கள் இருந்த அதே உபவாசத்தின் நினைவாகத்தான். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான பெரிய நோன்புக்கு மூன்று வாரம் முன்பு, திங்கள் தொடங்கி மூன்று நாள். ஈராக்கின் சீரியக் கிறிஸ்தவர்களுக்கும் இது உண்டு. கோட்டயம் மாவட்டம் குறவிலங்காட்டில் செவ்வாயன்று மரக்கப்பலைத் தோளில் சுமந்து, யோனா ஏறிய கப்பல் புயலில் சிக்கிய மாதிரி ஆட்டிக்கொண்டு வருவார்கள். நல்ல கூட்டம் இருக்கும். போவதானால் முன்னதாகவே போய் இடம் பிடியுங்கள்.